மின்வெட்டால் பாதியில் நின்ற லினக்ஸ் மின்ட்: கோப்புகளை இழக்காமல் மறுபடி நிறுவுவதும் டிரைவர்களைச் சேர்ப்பதும்

கேள்வி: நகல்கடை

அனைவருக்கும் வணக்கம். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே சிறிய நகல், தட்டச்சுக் கடை நடத்தி வருகிறேன். கடையில் இருக்கும் ஒரே மடிக்கணினியில் நான்கு ஆண்டுகளாக லினக்ஸ் மின்ட் இயங்குதளம் மட்டுமே ஓடுகிறது. மனுக்கள், பத்திர நகல்கள், கல்யாணப் பத்திரிகை வாசகங்கள் என்று நாள் முழுவதும் லிப்ரே ஆபிஸில்தான் வேலை.

மின்ட் 20.3 பதிப்புக்கான ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டதால், மேம்படுத்தும் கருவியைக் கொண்டு 21-க்கு மாற முயன்றேன். பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) எல்லாம் இறங்கி, ஒவ்வொன்றாக நிறுவப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. பேட்டரி ஓராண்டாகவே சார்ஜ் நிற்காத நிலையில் இருந்ததால் அந்த நொடியே திரை அணைந்தது. இப்போது கணினியைப் போட்டால் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் கிரப் பட்டியல் வருகிறது, மின்ட் சின்னம் வருகிறது, அதன் பிறகு கருந்திரையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. ரெக்கவரி பட்டியலில் உடைந்த பொதிகளைச் சரிசெய்யும் தேர்வையும் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பிழைச் செய்திகளோடு நின்றுவிட்டது.

என் கேள்விகள் இரண்டு. முதலாவது, வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் நான்கு ஆண்டுக்கானவை ஹோம் கோப்புறையில் இருக்கின்றன. அவற்றை இழக்காமல் மறுபடி நிறுவ முடியுமா? பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டியபோது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் போட முடியும் என்றார். இரண்டாவது, மடிக்கணினியோடு வந்த டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) குறுந்தகட்டில் விண்டோஸுக்கானவை மட்டுமே இருக்கின்றன. லினக்ஸை மறுபடி போட்டால் வைஃபை, கிராபிக்ஸ், பிரின்டர் ஆகியவற்றுக்கான டிரைவர்களை எந்தத் தளத்திலிருந்து இறக்க வேண்டும்? முன்பு இதை நிறுவிக் கொடுத்தவர் வெளியூர் போய்விட்டார்.

கணினி 2015-இல் வாங்கியது. ஐந்தாம் தலைமுறை ஐ3-5005யு செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், என்விடியா 920எம். வைஃபை எந்த நிறுவனத்துடையது என்று தெரியவில்லை. பிரின்டர் எச்பி லேசர்ஜெட் பி1007.

மறுமொழி 1: முனையம்

வணக்கம் ஐயா. முதலில் ஒரு வேண்டுகோள்: கோப்புகள் வேறோர் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை அந்த ஹார்டு டிஸ்கில் எதையும் நிறுவ வேண்டாம், ரெக்கவரி பட்டியலையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டாம். உங்கள் கணினியில் சிதைந்திருப்பது இயங்குதளம் இருக்கும் பகுதி மட்டுமே. பாதிப் பொதிகள் பழைய பதிப்பிலும் பாதி புதிய பதிப்பிலும் நிற்கின்றன. ஹோம் கோப்புறையை மேம்படுத்தும் கருவி தொடுவதே இல்லை என்பதால் ஆவணங்கள் அநேகமாக அப்படியே இருக்கும்.

வேறொரு கணினியில் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பின் (எளிய மேசைத்திரை கொண்டது) ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவல் கோப்பை இறக்கி, அதன் ஷா256 சரிபார்ப்பு எண் தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு, 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சரிபார்ப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதி இறங்கிய ஐஎஸ்ஓ கோப்பால் நிறுவல் நடுவில் நின்று, கணினியின் மேல் பழி விழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால், ஹார்டு டிஸ்கைத் தொடாமலேயே முழு மேசைத்திரையும் வரும். திரை கறுப்பாகவே நின்றால், தொடக்கப் பட்டியலில் இருக்கும் கம்பாட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள். கிராபிக்ஸ் டிரைவரைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்துவிட்டுத் தொடங்குவதற்கான வழி அது.

மேசைத்திரை வந்ததும், கோப்பு மேலாளரில் பழைய ஹார்டு டிஸ்கைத் திறந்து, ஹோம் கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருப்பதை ஒரு வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். உள்ளே போக அனுமதி இல்லை என்றால் ரூட் (நிர்வாகி) உரிமையுடன் திறக்கும் தேர்வைப் பயன்படுத்துங்கள். கன்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகள் தெரியும். பயர்பாக்ஸின் கடவுச்சொற்களும் புத்தகக்குறிகளும் மொஸில்லா என்ற பெயரில் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. ஆவணங்கள் கோப்புறையை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து இவற்றைத் தேடி வருந்துபவர்கள் பலர். நகலெடுக்கும் டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நகலெடுத்த பிறகு, மறுநிறுவல் தேவைதானா என்பதையே ஒருமுறை யோசிக்கலாம். மின்ட்டின் மேம்படுத்தும் கருவி வேலையைத் தொடங்கும் முன் டைம்ஷிப்ட் என்ற கருவி எடுக்கும், இயங்குதளத்தின் அப்போதைய நிலையின் பதிவு ஒன்று இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும். நீங்கள் அந்தப் பதிவை எடுத்திருந்தால், பென்டிரைவிலேயே இருக்கும் டைம்ஷிப்டைத் திறந்து, பழைய டிஸ்கைக் காட்டி, மின்சாரம் போவதற்கு முந்தைய நிலைக்குத் திருப்பிவிடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: டைம்ஷிப்ட் இயங்குதளத்தைத்தான் பதிவு செய்கிறது, இயல்பான அமைப்பில் ஹோம் கோப்புறை அதில் சேராது. ஆகவே டைம்ஷிப்ட் இருக்கிறதே என்று ஆவணங்களை நகலெடுக்காமல் விட்டுவிடக் கூடாது.

இறுதியாக, பென்டிரைவில் இருக்கும்போதே டிஸ்க்ஸ் என்ற கருவியைத் திறந்து, மேலே உள்ள பட்டியலில், டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் தரவைப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர், கரன்ட் பென்டிங் செக்டர் ஆகிய இரண்டு வரிகளுக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். பத்து ஆண்டு ஓடிய டிஸ்க் என்பதால் கேட்கிறேன்.

நகல்கடை

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஹோம் கோப்புறை முழுவதும் இருக்கிறது. 61 ஜிபி அளவுக்கு வெளி டிஸ்கில் நகலெடுத்துவிட்டேன். இரண்டு ஸ்கேன் கோப்புகள் மட்டும் படிக்க முடியவில்லை என்று வந்தது, அவை முக்கியமானவை அல்ல. ஆனால் நகலெடுக்கும்போது சில இடங்களில் டிஸ்க் 'டிக், டிக்' என்று ஒலித்துக்கொண்டே பல நொடிகள் நின்று நின்று சென்றது. டைம்ஷிப்ட் பதிவும் இருக்கிறது. ஸ்மார்ட் தரவில் ரீஅலொகேட்டட் செக்டர் 112 என்றும், கரன்ட் பென்டிங் செக்டர் 48 என்றும் காட்டுகிறது. இது எவ்வளவு மோசம்?

மறுமொழி 2: முனையம்

பென்டிங் என்று காட்டும் 48 இடங்களை டிஸ்கால் இப்போது படிக்க முடியவில்லை என்று பொருள். ரீஅலொகேட்டட் என்பது, ஏற்கெனவே கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து மாற்றிடம் கொடுத்துவிட்ட எண்ணிக்கை. படிக்க முடியாத அந்த இரண்டு ஸ்கேன்களும் இதனால்தான் போயிருக்க வேண்டும். ஒலியும் சேர்ந்து கேட்பதால் என் கருத்து மாறிவிட்டது: டைம்ஷிப்ட் கொண்டு இதே டிஸ்கில் மீட்க வேண்டாம். மீட்டாலும் நீங்கள் வந்து சேர்வது ஆதரவு முடிந்த 20.3 பதிப்புக்குத்தான். 2.5 அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றை, 240 அல்லது 256 ஜிபி அளவில் வாங்கி, அதில் புதிதாக நிறுவுங்கள். உங்கள் மடிக்கணினியில் ஹார்டு டிஸ்க் இருக்கும் அதே இடத்தில் அது பொருந்தும். இதே செயலி கொண்ட என் பழைய கணினியில் எஸ்எஸ்டி போட்ட பிறகு ஏற்பட்ட வேக மாற்றம், ரேமைக் கூட்டியபோது கிடைத்ததைவிடப் பல மடங்கு அதிகம்.

புதிய எஸ்எஸ்டியில் நிறுவும்போது, எல்லாவற்றையும் ஒரே பகுதியில் போடும் தானியங்கித் தேர்வை விட்டுவிட்டு, சம்திங் எல்ஸ் என்ற தேர்வுக்குள் செல்லுங்கள். கணினியைத் தொடங்கும் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பகுதிக்கு 512 எம்பி, இயங்குதளத்துக்கு 60 ஜிபி, மீதம் முழுவதையும் ஹோம் பகுதிக்கு எனப் பிரித்துக்கொண்டால், அடுத்த முறை இப்படி நேர்ந்தாலும் இயங்குதளப் பகுதியை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு, ஹோம் பகுதியை ஃபார்மட் பெட்டியைத் தேர்வு செய்யாமல் இணைத்துக்கொள்ளலாம். அப்போது பழைய பயனர் பெயரையே மறுபடியும் கொடுத்தால், நேற்று விட்ட இடத்திலிருந்து மேசைத்திரை திறக்கும்.

மறுமொழி 3: கருனி

டிரைவர்களைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் இரண்டாவது கேள்வியில் விண்டோஸ் பழக்கத்திலிருந்து வந்த ஓர் எண்ணம் இருக்கிறது. அதைச் சரிசெய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

விண்டோஸில் இயங்குதளம் ஒருபுறம், வன்பொருள் நிறுவனம் தரும் டிரைவர் மறுபுறம் என்று இருப்பதால், குறுந்தகடு அல்லது நிறுவனத்தின் தளம் தேவைப்பட்டது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கருனியின் (கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி) மூல நிரலோடு சேர்த்தே எழுதப்பட்டு, பராமரிக்கப்பட்டு, கருனியோடு சேர்ந்தே உங்கள் கணினிக்கு வந்துவிடுகின்றன. உங்கள் செயலிக்குள் இருக்கும் இன்டெல் எச்டி 5500 கிராபிக்ஸ், ஒலி, கம்பி இணைய இணைப்பு, தொடுதளம், கேமரா எல்லாமே பென்டிரைவிலிருந்து தொடங்கிய அந்த நிமிடமே வேலை செய்திருக்கும். எதையும் நிறுவாமல் உங்கள் கணினியில் ஒலி வந்ததல்லவா? டிரைவர் அதற்குள் இருந்ததால்தான் வந்தது. ஆகவே லினக்ஸில் கேட்க வேண்டிய கேள்வி, டிரைவரை எங்கிருந்து இறக்குவது என்பதன்று. இந்தக் கணினியில் கருனிக்குள் அடங்காத சில்லு எது என்பதே.

அதைக் கண்டுபிடிக்க, பென்டிரைவில் இருக்கும்போதே முனையத்தை (கட்டளை தட்டும் டெர்மினல் சாளரம்) திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை, என், என், கே ஆகிய மூன்று எழுத்துகளை விருப்பமாகச் சேர்த்து இடுங்கள். ஒவ்வொரு சில்லின் பெயரும், அடைப்புக்குறிக்குள் நான்கு நான்கு எழுத்தாக ஓர் அடையாள எண்ணும், அதன் கீழே அந்தச் சில்லை இப்போது எந்த டிரைவர் இயக்குகிறது என்ற வரியும் வரும். இயக்கும் டிரைவர் என்ற வரியே இல்லாத சில்லுதான் நாம் கவனிக்க வேண்டியது. நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் பத்தியை அப்படியே இங்கே ஒட்டுங்கள். வடிவத்தில் ஒன்றாகவே தெரியும் இரு மடிக்கணினிகளுக்குள் வேறு வேறு வைஃபை சில்லுகள் இருப்பது சாதாரணம். அதனால் மாடல் பெயரை வைத்துத் தேடுவதைவிட இந்த எண்ணை வைத்துத் தேடுவதே பிழையில்லாதது.

என்விடியாவைப் பொறுத்தவரை, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. 920எம் கெப்ளர் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துக்கு என்விடியா வெளியிட்ட மூடிய நிரல் டிரைவர்களில் 470 வரிசையே கடைசி. அதற்கான ஆதரவும் 2024-ஆம் ஆண்டோடு முடிந்தது. 535, 550 போன்ற புதிய வரிசைகள் இச்சில்லை ஏற்காது. எண் பெரிதாக இருப்பதுதானே நல்லது என்று எண்ணி, எங்கிருந்தோ இறக்கி நிறுவினால் கருந்திரைதான் மிஞ்சும். உங்கள் மடிக்கணினியில் திரையை இயக்குவது இன்டெல் சில்லு. கருனியோடு வரும் நூவோ டிரைவர் என்விடியா சில்லைச் சும்மா வைத்திருக்கும். தட்டச்சுக்கும் ஸ்கேனுக்கும் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை: மறுபடி நிறுவத்தான் போகிறீர்கள் என்றால் 21-க்குப் போக வேண்டாம். உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22 வரிசையைப் போடுங்கள், அதற்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. 21 வரிசைக்கு 2027 ஏப்ரலோடு முடிகிறது.

நகல்கடை

எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன், நாளை மாட்டுகிறேன். நீங்கள் கேட்ட பத்தியில் பிராட்காம் பிசிஎம்43142 என்றும், அடைப்புக்குறிக்குள் 14ஈ4:4365 என்றும் இருக்கிறது. அதன் கீழே இயக்கும் டிரைவர் என்ற வரி இல்லை. கணினியில் செக்யூர் பூட் (தொடக்கத்திலேயே கையொப்பங்களைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) இயங்கும் நிலையில் இருக்கிறது.

மறுமொழி 4: கருனி

எதிர்பார்த்ததுதான். இந்தச் சில்லுக்கு பிராட்காம் தரும் டபிள்யூஎல் என்ற மூடிய நிரல் டிரைவர் வேண்டும். மின்ட்டில் அது தனிப் பொதியாக இருக்கிறது, எந்தத் தளத்துக்கும் போக வேண்டியதில்லை. நிறுவி முடித்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே இச்சில்லை அடையாளம் கண்டு, பொருத்தமான பொதியைப் பரிந்துரைக்கும். ஆனால் வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்ற முட்டுக்கட்டையில் எல்லோரும் ஒருமுறையாவது நின்றிருப்போம். ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜ் செய்யும் கேபிளால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில், அதன் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். சில நொடிகளில் கணினி அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், அதற்குத் தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிளாக இருந்தால் இது நடக்காது. தரவும் கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். கைப்பேசியும் கையில் இல்லை என்றால், நிறுவிய அதே பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே பொதியை எடுத்துக்கொள்ளும் வசதியும் டிரைவர் மேனேஜரில் உண்டு.

அடுத்து வருவதை இருமுறை படித்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் இயங்கும்போது, நம்பகமான கையொப்பம் இல்லாத எந்தத் துண்டையும் கருனி தனக்குள் ஏற்றிக்கொள்ளாது. டபிள்யூஎல் டிரைவர் உங்கள் கணினியிலேயே தொகுக்கப்படுவது, ஆகவே அதற்கு உங்கள் கணினியே உருவாக்கும் ஒரு திறவுகோலால்தான் கையொப்பமிடப்படும். அந்தத் திறவுகோலை நம்பலாம் என்று கணினியின் ஃபார்ம்வேருக்கு (வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருள்) நீங்கள் நேரில் சொல்ல வேண்டும். டிரைவரை நிறுவும்போது எட்டு எழுத்துகளுக்குக் குறையாத ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணினி மறுபடி தொடங்கும்போது நீல நிறத் திரை ஒன்று வந்து, ஏதேனும் ஒரு விசையை அழுத்தும்படி கேட்டு, சுமார் பத்து நொடிகள் மட்டும் காத்திருக்கும். அந்தப் பத்து நொடிக்குள் விசையை அழுத்தி, என்ரோல் மோக் என்ற தேர்வில் நுழைந்து, தொடரச் சொல்லி, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அது கடவுச்சொல் என்பதால் தட்டும் எழுத்துகள் திரையில் தெரியாது. இதைத் தவறவிட்டால், டிரைவர் நிறுவப்பட்டதாகக் காட்டும், ஆனால் வைஃபை வராது. டிரைவரே சரியில்லை என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

மறுமொழி 5: அச்சுமை

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக அச்சுக்கோப்பு வேலை செய்கிறேன், எங்கள் கூடத்தில் ஐந்து கணினிகளிலும் லினக்ஸ்தான். மேலே சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு: பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட்டையே நிறுத்திவிட்டால் நீலத் திரையும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. நாங்கள் ஐந்திலும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்காக அன்று. தட்டச்சுக் கடைக்காரர் மறுநிறுவலில் இழக்கக்கூடியவற்றுள் மிகப் பெரியது எழுத்துருக்கள். ஹோம் கோப்புறையை முழுவதும் நகலெடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். வானவில் அவ்வையார், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை நிறுவிக் கொடுத்தவர் எங்கே போட்டார் என்று தெரியுமா? எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று போட்டிருந்தால், அவை ஹோமில் இருக்காது. யுஎஸ்ஆர் கோப்புறைக்குள், ஷேர் என்பதற்குள், ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணத்தில், எழுத்துரு இல்லாவிட்டால் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை, உரிய எழுத்துருவைப் போட்டதும் பழையபடி ஆகிவிடும். பழைய டிஸ்கைக் கழற்றும் முன் அந்தக் கோப்புறையையும் நகலெடுங்கள். புதிய கணினியில் ஹோமுக்குள், லோக்கல் என்ற மறைந்த கோப்புறையில், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற வழியில் அவற்றை வைத்தால், அடுத்த மறுநிறுவலில் இந்தத் தேடல் இருக்காது.

தட்டச்சைப் பற்றி: தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி, அதனுடன் தட்டச்சு விதிகளைத் தரும் எம்17என் பொதி ஆகிய இரண்டையும் நிறுவி, ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினியின் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். எழுத்துகளின் இடம் அதிலும் அதேதான், ஆனால் புள்ளி தானாக விழும் விதிகளுக்கு எம்17என் வேண்டும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கே தட்டல்கள் போதுமானவையாக இருப்பது அந்த விதிகளால்தான். நாள் முழுவதும் தட்டும் கைக்கு அந்த வேறுபாடு பெரியது.

பிரின்டருக்கு வருவோம். பி1007 தன் ஃபார்ம்வேரைத் தனக்குள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினிதான் அதை ஏற்றிவிட வேண்டும். எச்பி பிரின்டர்களுக்கான எச்பிஎல்ஐபி என்ற தொகுப்பு மின்ட்டோடு வந்தாலும், இந்த மாடலுக்கு உரிய மூடிய நிரல் செருகி அதில் சேர்ந்து வராது. முனையத்தில் எச்பி, இடையில் ஒரு சிறு கோடு, பிளக்கின் என்று கட்டளை கொடுத்தால் அதைத் தானாக இறக்கிக்கொள்ளும். செருகியின் பதிப்பும் எச்பிஎல்ஐபியின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கணினியிலிருந்து செருகியை நகலெடுத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், புதிதாக இறக்குவதே சரி. இதைச் செய்த பிறகு பிரின்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 6: கருனி

அச்சுமை அவர்களுக்கு: எழுத்துருக்களைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. செக்யூர் பூட் விஷயத்தில் மட்டும் உடன்பட மனம் வரவில்லை. உங்கள் கூடத்தில் உங்கள் ஆட்கள் மட்டுமே கணினியைத் தொடுகிறார்கள். நகல்கடைக்காரரின் கணினியிலோ நாளொன்றுக்கு எத்தனையோ பேரின் பென்டிரைவ்கள் ஏறி இறங்குகின்றன, அதில் பிறரின் ஆதார் நகலும் பத்திரமும் இருக்கின்றன. தொடக்க நிலையிலேயே காவலாக நிற்கும் ஒன்றை, ஒரே ஒருமுறை பத்து நொடி கவனிப்பதற்குச் சோம்பி நிறுத்துவது நியாயமாக எனக்குப் படவில்லை. முடியவே முடியாமல் போனால் நிறுத்திக்கொள்ளலாம்.

நகல்கடை

நேற்று மாலை கடையை அடைத்த பிறகு உட்கார்ந்து முடித்தேன். அடுத்தவருக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

எஸ்எஸ்டியை மாட்டி, மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை, ஹோம் பகுதியைத் தனியே பிரித்து நிறுவினேன். இந்த முறை மின்வெட்டுக்குப் பயந்து பக்கத்துக் கடையின் இன்வெர்ட்டரிலிருந்து இணைப்பு வாங்கிக்கொண்டேன். கைப்பேசி டெதரிங் முதல் முயற்சியில் வரவில்லை, கேபிளை மாற்றியதும் வந்தது. டிரைவர் மேனேஜரில் பிராட்காம் பொதியைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லைப் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டு கணினியை மறுபடி தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து வாசலில் நின்று நகல் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லித் திரும்புவதற்குள் நீலத் திரை வந்து போய்விட்டது. நீங்கள் எச்சரித்தபடியே டிரைவர் இருப்பதாகக் காட்டியது, வைஃபை வரவில்லை. திறவுகோலை மறுபடி பதியும் வழியை எங்கும் காணாமல் ஒரு மணி நேரம் தவித்தேன். பின்பு மோக்யூட்டில் என்ற கட்டளையை இம்போர்ட் விருப்பத்தோடு இட்டு, வார், லிப், ஷிம்-சைன்ட், மோக் என்ற வழியில் இருக்கும் டெர் கோப்பைக் கொடுத்தபோது கடவுச்சொல்லைக் கேட்டது. இம்முறை கண்ணெடுக்காமல் காத்திருந்து விசையை அழுத்தினேன். மேசைத்திரை வந்தபோது மூலையில் கடையின் வைஃபை பெயர் தெரிந்தது.

பிரின்டர் செருகி இறங்கியதும் முதல் பக்கம் வந்துவிட்டது. என்விடியாவைத் தொடவில்லை. வானவில் எழுத்துரு அச்சுமை அவர்கள் சொன்ன இடத்தில்தான் பழைய டிஸ்கில் இருந்தது. அதை எடுத்து வைத்த பிறகு, குறிகளாகக் கிடந்த பழைய மனுக்கள் ஒவ்வொன்றாகத் தமிழாக மாறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு சந்தேகங்கள் மட்டும். கருனி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இந்த நீலத் திரை வருமா? பழைய ஹார்டு டிஸ்கை ஒரு பெட்டியில் போட்டு, தினசரி நகலெடுக்கும் டிஸ்காகப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 7: கருனி

வராது. திறவுகோல் ஒருமுறை பதிந்துவிட்டால், புதிய கருனி வரும்போது டிகேஎம்எஸ் என்ற அமைப்பு டிரைவரை மறுபடி தொகுத்து அதே திறவுகோலால் கையொப்பமிட்டுக்கொள்ளும். என்றாவது புதுப்பித்த பிறகு வைஃபை காணாமல் போனால், கிரப் பட்டியலில் அட்வான்ஸ்ட் தேர்வுக்குள் சென்று முந்தைய கருனியில் தொடங்கி வேலையைப் பாருங்கள். பழைய கருனியை அவசரப்பட்டு நீக்கிவிட வேண்டாம். பயாஸைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பினால் மட்டும் திறவுகோலை மறுபடி பதிய நேரலாம்.

மறுமொழி 8: முனையம்

பழைய டிஸ்கை நகலெடுக்கப் பயன்படுத்த வேண்டாம் ஐயா. கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்கில் வைத்த நகலை நம்பி இருப்பது, நகலே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது. அதை அழிக்காமல், ஒரு தாளில் தேதி எழுதி ஒட்டி, மூன்று மாதம் அலமாரியில் வையுங்கள்; எடுக்க மறந்த கோப்பு ஏதேனும் நினைவுக்கு வந்தால் தேவைப்படும். பிறகு வாடிக்கையாளர் ஆவணங்கள் இருப்பதால் அழித்துவிட்டே கொடுங்கள். தினசரி நகலுக்கு இப்போது 61 ஜிபியை ஏற்றிய அந்த வெளி டிஸ்கே போதும். அதோடு, முடிந்தால் பேட்டரியையும் இந்த மாதமே மாற்றிவிடுங்கள்.